எண்ணிமத் தூரிகையில் மென்மையும் இழைநயமும்: கிரீட்டா மென்பொருளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினி ஓவியத்தில் நிழலிடும்போது மென்மையும் இழைநயமும் ஒன்றுக்கொன்று முரணானவை என்னும் எண்ணம் பயிற்சி வகுப்புகளில் நிலவுகிறது. மென்மை வேண்டுவோர் மங்கலாக்கும் கருவியை நாடுகின்றனர். இழைநயம் வேண்டுவோர் முடிந்த படத்தின்மேல் காகிதப் படம் ஒன்றைப் போர்த்துகின்றனர். இவ்விரு பண்புகளும் வெவ்வேறு அளவுநிலைகளில் செயற்படுவன என்றும், தூரிகையின் கணக்கீட்டு முறையை அறிந்தால் இரண்டையும் ஒரே செயலில் பெறலாம் என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அதற்குக் கட்டற்ற மென்பொருளான கிரீட்டாவின் தூரிகை அமைப்பு சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எண்ணிம ஓவியம், நிழலிடல், இழைநயம், நிழற்செறிவு, தூரிகைப் பதிவு, வர்த்தனை, கிரீட்டா.

முன்னுரை

தட்டையான பரப்பில் திரட்சியைத் தோற்றுவிப்பது நிழலிடலின் நோக்கம். அந்நோக்கத்தை அடைய ஓவியர்கள் இரு வழிகளில் சென்றுள்ளனர். லியொனார்டோ டா வின்சியின் சஃபுமாட்டோ முறையில் மெல்லிய வண்ணப் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து எல்லைக்கோடு தெரியாத நிழல் உருவாகிறது. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1880களில் மிஷலே என்னும் சொரசொரப்பான காகிதத்தில் கோந்தே வண்ணக்கட்டியால் வரைந்த படங்களில் கரிய துகள்கள் காகித மேடுகளில் மட்டும் ஒட்டுகின்றன. பள்ளங்கள் வெண்மையாகவே நிற்கின்றன. ஆயினும் சற்றுத் தொலைவிலிருந்து நோக்கினால் அந்த உருவங்களின் நிழல் தடையின்றி வழிந்து செல்வதைக் காணலாம். முன்னதில் மென்மை பூச்சால் வருகிறது. பின்னதில் அது துகள்களால் வருகிறது. எனவே மென்மைக்குச் சொரசொரப்பு பகையன்று என்பது ஓவிய வரலாற்றிலேயே நிறுவப்பட்ட செய்தியாகும்.

இந்திய மரபும் இதற்கு அரண் செய்கிறது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் அமைந்த சித்திரசூத்திரம், நிழலிடலை வர்த்தனை எனச் சுட்டி, அதனைப் பத்ரஜம், ஐரிகம், பிந்துஜம் என மூவகைப்படுத்துகிறது. முதலாவது இலையின் நரம்புபோல் அமையும் கோடுகளாலும், இரண்டாவது மிக நுண்ணிய கோடுகளாலும், மூன்றாவது தூரிகையைச் செங்குத்தாக நிறுத்தி இடும் புள்ளிகளாலும் ஆவன. இப்பகுப்பில் ‘மென்மையான நிழல்’, ‘கரடான நிழல்’ என்ற எதிர்வு இல்லை. எவ்வகைக் குறியால் நிழல் ஆக்கப்படுகிறது என்பதே அங்குக் கேள்வி. எண்ணிமத் தூரிகையைப் புரிந்துகொள்வதற்கும் இதே கேள்வி பொருத்தமான தொடக்கமாகும்.

எண்ணிமத் தூரிகையின் தோற்றம்

ரிச்சர்ட் ஷூப் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் உருவாக்கிய சூப்பர்பெயின்ட் 1973இல் இயங்கத் தொடங்கியது. தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் 1984இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு படத்தின்மேல் மற்றொன்றை ஒளிபுகும் அளவுக்கேற்பப் படியவைக்கும் கணித விதிகளை வகுத்தளித்தது. இன்றைய ஓவிய மென்பொருள்கள் வண்ணத்தைப் படியவைக்கும் முறைக்கு இவ்விதிகளே அடிப்படை. 1991இல் வெளிவந்த பெயின்டர் மென்பொருள், காகிதத்தின் சொரசொரப்பைத் தூரிகையோடு இணைத்து, கரி, சுண்ணக்கட்டி முதலிய மரபு ஊடகங்களைப் போலச் செய்தது. 2002இல் வந்த ஃபோட்டோஷாப் 7, இழைநயத்தையும் இரட்டை முனையையும் கொண்ட புதிய தூரிகை அமைப்பை ஏற்றது. கேடிஈ குழுமத்தின் படைப்பான கிரீட்டா இம்மரபில் வந்தது. சுவீடிய மொழியில் ‘கிரீட்டா’ என்பது சுண்ணக்கட்டியைக் குறிக்கும் சொல். 2018இல் வெளியான அதன் 4.0 பதிப்பு, ஒரு முனையை மற்றொரு முனையால் மறைக்கும் வசதியைத் தூரிகையில் சேர்த்தது.

பதிவுகளின் கூட்டே கோடு

கணினித் திரையில் தூரிகை இழுக்கும் கோடு உண்மையில் தொடர்ச்சியான கோடன்று. தூரிகை முனையின் வடிவம் சிறு சிறு இடைவெளியில் மீண்டும் மீண்டும் பதிக்கப்படுகிறது. முனையின் விட்டத்தில் 10 விழுக்காடு இடைவெளி என வைத்தால், கோட்டின் நடுவிலுள்ள ஒவ்வொரு பிக்சலின்மீதும் ஏறத்தாழ 10 பதிவுகள் விழும்.

ஒவ்வொரு பதிவும் எவ்வளவு வண்ணம் இடுகிறது என்பதைப் பாய்வு தீர்மானிக்கிறது. ஒரு கோடு மொத்தத்தில் எவ்வளவு அடர்த்தியை அடையலாம் என்னும் உச்சவரம்பை ஒளிபுகாமை தீர்மானிக்கிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாமல் ஒன்றன் வேலையை மற்றொன்றால் செய்ய முயல்வதே பல நிழல்கள் திட்டுத்திட்டாக அமையக் காரணம். கிரீட்டாவில் ‘வாஷ்’ என்னும் பூச்சு முறையைத் தேர்ந்தால், கையை எடுக்காமல் ஒரே இடத்தில் பலமுறை தேய்த்தாலும் அடர்த்தி அந்த வரம்பைக் கடக்காது. ‘பில்ட் அப்’ என்னும் சேர்ப்பு முறையில் ஒவ்வொரு பதிவும் முந்தையதன்மேல் கூடிக்கொண்டே போகும்.

பாய்வின் அளவு ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட எண்ணாக இருக்கையில், பல பதிவுகள் சேர்ந்து தரும் அடர்த்தியை எளிதில் கணக்கிடலாம். ஒவ்வொரு பதிவும் எஞ்சியிருக்கும் வெண்மையில் ஒரு பங்கை மறைக்கிறது. பாய்வு 0.1 எனில், 10 பதிவுகளுக்குப் பின் 65 விழுக்காடும், 20 பதிவுகளுக்குப் பின் 88 விழுக்காடும் மறைந்துவிடும். பாய்வு 0.3 எனில் 10 பதிவுகளிலேயே 97 விழுக்காடு மறைந்துவிடும். அதாவது, பாய்வு மிகுந்த தூரிகையில் ஒருமுறை கை ஓடியதுமே இடைநிலைச் செறிவுகள் கடந்துபோய்விடுகின்றன. மென்மையான நிழல் இடைநிலைச் செறிவுகளில்தான் வாழ்கிறது. ஆகவே 0.05 முதல் 0.1 வரையிலான குறைந்த பாய்வில், பலமுறை கையோட்டி நிழலைச் சேர்ப்பது முதல் தேவையாகிறது.

முனையின் இழையும் தளத்தின் இழையும்

எண்ணிமத் தூரிகையில் இழைநயம் இரண்டு இடங்களிலிருந்து வரலாம். ஒன்று, தூரிகை முனையின் படத்திலேயே அமைந்த இழை. மற்றொன்று, வரைதளத்தில் நிலையாகப் பதிந்துள்ளதாகக் கொள்ளப்படும் காகித இழை. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பினும், செயலில் இவை முற்றிலும் வேறானவை.

முனையின் இழை தூரிகையோடு நகர்கிறது. எனவே ஒரே பிக்சலின்மீது ஒருமுறை இழையின் மேடும் மறுமுறை அதன் பள்ளமும் விழுகின்றன. மேட்டின் அளவு 1, பள்ளத்தின் அளவு 0.2, பாய்வு 0.1 எனக் கொள்வோம். 10 பதிவுகளில் 5 மேடும் 5 பள்ளமும் விழுந்தால் அந்த பிக்சல் அடையும் அடர்த்தி 47 விழுக்காடு. பக்கத்து பிக்சலும் அதே அடர்த்தியையே அடையும். கை ஓடும் திசையில் இழை சராசரியாகிக் கரைந்துபோகிறது. அதற்குக் குறுக்கான திசையில் மட்டும் அது நீண்ட கீற்றுகளாக எஞ்சுகிறது. மயிர்த்தூரிகையின் தடத்தைக் காட்டுவதற்கு இது ஏற்றது. திசையற்ற மென்னிழலுக்கு இது உதவாது.

தளத்தின் இழை நகர்வதில்லை. மேடு எப்போதும் மேடாகவும் பள்ளம் எப்போதும் பள்ளமாகவும் இருக்கின்றன. கிரீட்டாவின் தூரிகை அமைப்பில் இழைநயப் பகுதியில் தேர்ந்தெடுக்கப்படும் வடிவம் இவ்வாறு தளத்தோடு பொருந்தி நிற்பது. இடமாற்றத்தைத் தற்செயலாக்கும் தேர்வை இயக்கினால் இப்பண்பு குலையும். சூராவின் காகிதம் செய்த வேலையைச் செய்வது இந்தத் தள இழையே.

பள்ளம் நிரம்பும் முறை

தள இழையைத் தூரிகையோடு இணைக்கும் முறைகளுள் பெருக்கலும் கழித்தலும் அடிப்படையானவை. பெருக்கல் முறையில் முனையின் அடர்த்தி இழையின் அளவால் பெருக்கப்படுகிறது. மேலே கண்ட அளவுகளையே கொண்டால், மேட்டில் ஒவ்வொரு பதிவும் 0.1 பங்கும், பள்ளத்தில் 0.02 பங்கும் மறைக்கும். பதிவுகள் கூடக்கூட அடர்த்தி பின்வருமாறு மாறும்:

10 பதிவுகள்: மேடு 65 விழுக்காடு, பள்ளம் 18 விழுக்காடு, வேறுபாடு 47.
20 பதிவுகள்: மேடு 88 விழுக்காடு, பள்ளம் 33 விழுக்காடு, வேறுபாடு 55.
50 பதிவுகள்: மேடு 99 விழுக்காடு, பள்ளம் 64 விழுக்காடு, வேறுபாடு 36.
100 பதிவுகள்: மேடு 100 விழுக்காடு, பள்ளம் 87 விழுக்காடு, வேறுபாடு 13.

இக்கணக்கு இரண்டு செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, இழைநயம் இடைநிலைச் செறிவில் மிகுந்தும், வெளிச்சத்திலும் ஆழ்ந்த இருளிலும் குறைந்தும் தோன்றும். கரித்துண்டாலோ பென்சிலாலோ காகிதத்தில் நிழலிடும்போதும் இதுவே நிகழ்கிறது. படம் முழுவதும் ஒரே அளவான இழையைப் போர்த்தும்போது அது பொய்யாகத் தெரிவதற்கான காரணம் இங்கே உள்ளது. போர்வை இழை, நிழலின் செறிவைப் பொருட்படுத்தாமல் எங்கும் ஒரே வலிமையில் நிற்கிறது. இரண்டாவது, பெருக்கல் முறையில் வலியத் தேய்த்தால் பள்ளங்கள் நிரம்பி இழை அழியும். அதனால் ஒரு பகுதியை இருளாக்க வேண்டுமானால், அதே வண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தேய்ப்பதைவிட, இன்னும் கருமையான வண்ணத்தைத் தேர்ந்து சிலமுறை மட்டும் கையோட்டுவதே இழையைக் காக்கும்.

கழித்தல் முறையில் முனையின் அடர்த்தியிலிருந்து பள்ளத்தின் ஆழம் கழிக்கப்படுகிறது. விடை சுழியத்திற்குக் கீழே போனால் அது சுழியமாகவே கொள்ளப்படும். முனையின் அடர்த்தி 0.5 ஆகவும் பள்ளத்தின் ஆழம் 0.8 ஆகவும் இருந்தால், பெருக்கலில் பள்ளம் சிறிதளவேனும் வண்ணம் பெறும். கழித்தலில் அது ஒன்றும் பெறாது. சுழியத்தை எத்தனை முறை சேர்த்தாலும் சுழியமே. எனவே கழித்தல் முறையில் மென்முனையின் ஓரம் பனிபோல் மங்காமல், சுண்ணக்கட்டியின் ஓரம்போலத் துகள்துகளாக உதிர்கிறது. இழையின் வலிமையைப் பேனாவின் அழுத்தத்தோடு தலைகீழாக இணைத்தால், மெல்லத் தொடும்போது மேடுகள் மட்டும் கறுக்கும். அழுத்தும்போது பள்ளங்களும் நிரம்பும். காகிதத்தில் கை அறிந்துவைத்துள்ள நடத்தை இதுவே.

பட்டைத் தோற்றமும் துகளின் பயனும்

துகள்கள் அறவே இல்லாத நிழல்தான் மிக மென்மையானது என்ற கருத்தைக் கணினித் திரையே மறுக்கிறது. 8 பிட் படத்தில் ஒரு வண்ணத் தடத்திற்கு 256 படிநிலைகளே உண்டு. 2,000 பிக்சல் அகலமுள்ள ஒரு பரப்பில், முழு அளவில் 20 விழுக்காடு மட்டும் நிழற்செறிவு மாறுகிறது என்று கொண்டால், அதற்குக் கிடைப்பவை ஏறத்தாழ 51 படிகள். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 39 பிக்சல் அகலமுள்ள பட்டையாக நிற்கும். செறிவு மாறும் ஓரங்களைக் கண் மிகைப்படுத்திக் காண்கிறது என்பதை எர்ன்ஸ்ட் மாக் 1865இலேயே விளக்கியுள்ளார். அதனால் குறைந்த வேறுபாடுள்ள பட்டைகளும் கண்ணுக்குப் புலப்படுகின்றன.

16 பிட் ஆழத்தில் வரைந்தால் 65,536 படிநிலைகள் கிடைக்கும். கிரீட்டா இதற்கு இடமளிக்கிறது. வரையும்போது குறைந்த பாய்வுள்ள பதிவுகள் முழுமையாக்கலில் தொலைந்துபோகாமல் சேர்வதற்கு இது பெரிதும் பயன்படும். எனினும் முடிந்த படத்தை 8 பிட்டில் ஏற்றுமதி செய்யும்போது பட்டைகள் திரும்பவும் தோன்றலாம். படிநிலைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு முன் சிறிதளவு தற்செயல் இரைச்சலைச் சேர்த்தால் பட்டைகள் உடையும் என்பதை லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962இல் பட அனுப்புகை குறித்த தம் கட்டுரையில் காட்டினார். தள இழை செய்யும் வேலையும் இதுவே. துகள்கள் படிகளின் ஓரத்தைக் கலைப்பதால், கண் அவற்றைச் சராசரியாக்கித் தொடர்ச்சியான மாற்றமாகக் காண்கிறது. ஆகவே அளவான இழைநயம் மென்மைக்குத் துணை செய்கிறது.

இதிலிருந்து இரு பண்புகளையும் வரையறுக்கலாம். பரந்த பகுதிகளின் சராசரிச் செறிவு படிப்படியாக மாறுவது மென்மை. அண்டை பிக்சல்களுக்கிடையே செறிவு ஏறி இறங்குவது இழைநயம். முன்னது தொலைவில் காண்பது. பின்னது அண்மையில் காண்பது. மங்கலாக்கும் கருவி அண்டை பிக்சல்களைச் சராசரியாக்குவதால் மென்மையைக் கூட்டாமலேயே இழையை அழித்துவிடக்கூடும். சராசரிச் செறிவில் உள்ள திட்டுகள் அகலமானவையாக இருந்தால், சிறிய அளவில் மங்கலாக்குவது அவற்றைத் தொடுவதுகூட இல்லை.

பார்வை அளவும் இழையின் பருமனும்

இழையின் பருமன் படம் எங்கே, எவ்வளவு தொலைவில் பார்க்கப்படும் என்பதைப் பொறுத்தது. அங்குலத்திற்கு 300 பிக்சல் என அச்சிடும்போது ஒரு பிக்சல் 0.085 மில்லிமீட்டர் ஆகும். 30 சென்டிமீட்டர் தொலைவில் இயல்பான கண் பிரித்தறியும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. எனவே ஒரு பிக்சல் துகள் அச்சில் கரைந்துபோகும். 2 பிக்சல் துகள் மெல்லிய மென்பரப்பாகத் தோன்றும். 6 பிக்சல் துகள் அரை மில்லிமீட்டர் அளவில் வெளிப்படையாகத் தெரியும்.

படத்தைச் சுருக்கும்போதும் இழை மாறுகிறது. 4,000 பிக்சல் அகலத்தை 1,000 ஆகக் குறைத்தால் 16 பிக்சல்கள் ஒன்றாகின்றன. ஒற்றைப் பிக்சல் துகளின் வேறுபாடு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். செறிவும் மாறக்கூடும். கருமையும் வெண்மையும் சரிபாதியாகக் கலந்த பரப்பு, கண்ணுக்குப் பாதி ஒளியைத் தருகிறது. வழக்கமான திரை வண்ண முறையில் அதற்கு நிகரான மதிப்பு 255இல் 188. ஆனால் சுருக்கும் கணக்கீடு எண்களை மட்டும் சராசரியாக்கினால் 128 கிடைக்கும். அது 22 விழுக்காடு ஒளியே. அழுத்தமான துகள்களால் ஆன நிழல், சுருக்கிய படத்தில் எதிர்பாராது இருண்டுபோவதற்கு இதுவே காரணம். ஆதலால் இறுதி அளவில் படத்தைப் பார்த்தே இழையை மதிப்பிட வேண்டும்.

செயல்முறை ஒழுங்கு

மேற்கண்ட விளக்கங்களைக் கொண்டு, ஒரு பக்கமிருந்து ஒளி விழும் மட்பானை ஒன்றுக்கு நிழலிடும் ஒழுங்கைப் பின்வருமாறு அமைக்கலாம்.

முதற்கண், ஒளிப்பகுதி, நிழற்பகுதி என்னும் இரண்டை மட்டும் இழையற்ற தூரிகையால் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்நிலையில் உருவத்தின் திரட்சி சரியாக இல்லையெனில் பின்னர் எவ்வளவு நுட்பம் சேர்த்தாலும் அது கைகூடாது.

அடுத்து, பானையின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்களவு பெரிய மென்முனையில் தள இழையை இணைத்து, 0.05 முதல் 0.1 வரையிலான பாய்வில் இடைநிலைச் செறிவைச் சேர்க்க வேண்டும். முனை பெரிதாக இருப்பதால் சராசரிச் செறிவு படிப்படியாக மாறுகிறது. இழை தளத்தில் நிலைத்திருப்பதால் துகள் கெடுவதில்லை. மாறும் பகுதியில் திட்டு விழுந்தால் அதனைத் தேய்த்துக் கலைக்காமல், அண்டையிலுள்ள வண்ணத்தைத் தொட்டெடுத்து அதே தூரிகையால் அதன்மேல் இட வேண்டும்.

தேய்ப்புக் கருவி தவிர்க்கமுடியாத இடத்தில் அதற்கும் இழையை இணைத்தல் நன்று. கிரீட்டாவின் வண்ணத் தேய்ப்பு அமைப்பில் ஏற்கெனவே உள்ள பிக்சல்களை இழுத்துச் செல்லும் முறையும், தூரிகைக்குக் கீழுள்ள வண்ணத்தை ஒன்றாக்கி இடும் முறையும் தனித்தனியே உள்ளன. முன்னது துகள்களைக் கீற்றுகளாக்கும். பின்னது அவற்றை ஒரே வண்ணமாக்கிவிடும். இழை இணைந்திருந்தால் அவ்வொரே வண்ணமும் துகளாகவே மீண்டும் பதியும்.

இறுதியாக, ஓரங்களை வேறுபடுத்த வேண்டும். பானையின் வளைவால் வரும் நிழலுக்கு மென்மையான எல்லையும், பானை தரையில் வீழ்த்தும் நிழலுக்கு அடியருகில் கூர்மையான எல்லையும் வேண்டும். எல்லா எல்லைகளையும் ஒன்றுபோல் மென்மையாக்கினால் பானை மட்பாண்டமாகத் தோன்றாமல் நெகிழிப் பொருளாகத் தோன்றும். சுட்ட மண்ணின் சொரசொரப்பு இடைநிலைச் செறிவில் தெரிந்து, மின்னும் இடத்திலும் ஆழ்நிழலிலும் அடங்கியிருந்தால், பொருளின் தன்மையும் அதன் வடிவமும் ஒருங்கே புலப்படும்.

முடிவுரை

மென்மையும் இழைநயமும் எதிரெதிரானவை அல்ல. வெவ்வேறு அளவுநிலைகளில் காணப்படும் பண்புகள். குறைந்த பாய்வும் பெரிய முனையும் மென்மையைத் தருகின்றன. தளத்தில் நிலைத்த இழை துகளைக் காக்கிறது. முனையோடு நகரும் இழை கீற்றையே தரும். பெருக்கல் முறையில் பள்ளங்கள் மெல்ல நிரம்புகின்றன. கழித்தல் முறையில் மென்முனையின் ஓரம் துகளாக உடைகிறது. அளவான துகள், 8 பிட் படத்தின் பட்டைத் தோற்றத்தையும் நீக்குகிறது.

கவின்கலைப் பயிற்றலில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. ‘நிழல் மென்மையாக இல்லை’ என்ற ஒற்றைத் திருத்தம், மாணவரை மங்கலாக்கும் கருவிக்கே அனுப்பிவைக்கும். சராசரிச் செறிவில் திட்டு உள்ளதா, பதிவுகள் மிகுந்து பள்ளம் நிரம்பியதா, இழை முனையோடு நகர்கிறதா எனத் தனித்தனியே சுட்டும்போதுதான் குறை திருந்தும். அத்தகைய சுட்டலுக்குப் பதிவு, பாய்வு, தள இழை, நிழற்செறிவு போன்ற சொற்கள் வகுப்பறைத் தமிழில் நிலைபெற வேண்டும். நிழலைக் கோட்டாலும் புள்ளியாலும் பகுத்துப் பெயரிட்ட வர்த்தனை மரபு, இச்சொல்லாக்கத்திற்கு நல்லதோர் முன்மாதிரியாகும்.